கீழ்ப்படிதலின் மூலப்பத்திரம்

என் சித்தி திருமணமான இரண்டாம் வருடம், வீங்கிய கன்னத்தோடு தாத்தா வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று மாலை சபைக் குருவானவர் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சித்திக்காக உருக்கமாகத்தான் ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்ததும் வேதாகமத்தை விரித்து எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி அது. சித்தியின் திருமண ஆராதனையிலும் அதைத்தான் வாசித்திருந்தார்கள். மறுநாள் காலை முதல் பேருந்தில் சித்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது பாட்டி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "ஆண்டவர் சொன்னதை நாம என்னட்டி மாத்த முடியும்?"

ஆண்டவர் சொன்னதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

கிறித்தவ ஒழுக்கப் போதனை சொந்தமானதா, இரவல் வாங்கியதா என்ற வழக்கு பழையது. நம் ஊரிலும் அது நடந்திருக்கிறது. ஜி.யு. போப் 1886இல் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, வள்ளுவர் மயிலாப்பூரில் கிறித்தவப் போதகர்களின் பேச்சைக் கேட்டிருக்கக்கூடும் என்று முன்னுரையில் ஊகித்தார். குறளின் உயர்ந்த அறம் தன் மதத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தமிழறிஞர்கள் கொதித்தெழுந்து மறுத்தார்கள். மறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் இரு பக்கமும் மும்முரமாக இருந்தது ஒரு பட்டாத் தகராறில்தான்: முதலில் சொன்னவர் யார், பெருமை யாருக்கு? எது யாரிடமிருந்து வந்தது, வரும் வழியில் என்ன ஆனது, அதனால் வீட்டுக்குள் யார் என்ன பாடுபட்டார்கள் என்பது அந்தத் தகராறில் வரவே இல்லை. பெண்களுக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தான்.

முதலில் நல்ல கடனைப் பார்ப்போம். இயேசு போதித்த அன்பு யூத மரபிலிருந்து வந்தது. கடவுளை முழு மனதோடு நேசி என்பது உபாகமத்தில் இருக்கிறது. அயலானை உன்னைப் போல நேசி என்பது லேவியராகமத்தில் இருக்கிறது. கேட்டவரிடம் இயேசு இந்த இரண்டையும் பழைய கட்டளைகளாகவே எடுத்துக் காட்டினார். தான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்பதுதான் வேதத்தின் சாரம் என்று, அவருக்கு ஒரு தலைமுறை முன்பு வாழ்ந்த ஹில்லேல் என்ற யூத ஆசிரியர் சொன்னதாக மரபு. அதே கருத்து சீனத்தில் கன்பூசியஸின் பெயரால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழங்கியது. மணவிலக்குக்கு எதிராக இயேசு, படைப்பின் தொடக்கத்தில் மனிதர் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதை ஆதாரமாகக் காட்டுகிறார். கும்ரான் குகைகளில் பிரதிகள் கிடைத்த 'தமஸ்கு ஆவணம்' என்ற யூத நூல், ஒருவன் இரண்டு மனைவியரைக் கொள்வதைக் கண்டிக்க அதே வசனத்தைத்தான் காட்டுகிறது.

இதைவிடப் பெண்களுக்கு நெருக்கமான ஒரு சான்று உண்டு. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் கி.மு. 1ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கடிதம் இருக்கிறது. அலெக்சாந்திரியாவுக்கு வேலைக்குப் போன ஹிலாரியோன் என்பவன் கர்ப்பிணியான ஆலிஸுக்கு எழுதியது. கூலி கைக்கு வந்ததும் அனுப்புகிறேன், உன்னை எப்படி மறப்பேன் என்றெல்லாம் அன்பாக எழுதுகிறான். நடுவில், பிறப்பது ஆணென்றால் வைத்துக்கொள், பெண்ணென்றால் வெளியே எறிந்துவிடு என்கிறான். கோபமோ வெறுப்போ இல்லாமல், வீட்டுச் செலவைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறான். கிரேக்க, ரோம உலகில் பச்சைக் குழந்தையை வெளியே போட்டுவிடுவது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். கிறித்தவர்கள் அதை மறுத்தார்கள். ஆதிச் சபையின் கையேடான 'திதகே' அதைப் பாவமென்று தடுக்கிறது. எத்தனையோ பெண் குழந்தைகள் இதனால் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் இந்த மறுப்பும் கிறித்தவத்தின் கண்டுபிடிப்பு இல்லை. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ முன்பே இதைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். யூதர்கள் பிறந்த குழந்தைகளைக் கொல்வதில்லை என்பதை ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் ஒரு வினோதம்போலக் குறித்து வைத்திருக்கிறார்.

கடன் வாங்குவதில் இழிவு ஏதும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எந்த அறமும் வெட்டவெளியில் முளைப்பதில்லை. யாரிடம் வாங்கினோம் என்பதை மறந்துவிட்டு, வாங்கியதைக் கடவுளே நேரடியாகக் கொடுத்தார் என்று சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது. சித்திக்கு வாசிக்கப்பட்ட வசனத்தில் நடந்தது அதுதான்.

கொலோசெயர், எபேசியர் என்ற இரண்டு நிருபங்களிலும் ஒரே வடிவில் ஒரு பட்டியல் வருகிறது. மனைவி கணவனுக்கு, பிள்ளைகள் பெற்றோருக்கு, அடிமைகள் எஜமானுக்கு என்று மூன்று ஜோடிகள், அதே வரிசையில். 1529இல் மார்ட்டின் லூத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தில் இத்தகைய வசனங்களைத் தொகுத்து 'இல்லப் பட்டியல்' என்று பொருள்படும் தலைப்பிட்டார். அறிஞர்களிடம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த மூன்று ஜோடிகளையும் இதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னதாக ஒருவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், தன் 'அரசியல்' நூலின் முதல் புத்தகத்தில், வீடு என்பதை இப்படிப் பகுக்கிறார்: எஜமானும் அடிமையும், கணவனும் மனைவியும், தந்தையும் பிள்ளைகளும். மூன்றிலும் ஆள்பவன் ஒரே ஆண். ஏன் அவன் ஆள வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்கிறார். யோசித்து முடிவெடுக்கும் ஆற்றல் அடிமைக்கு இல்லை. பிள்ளைக்கு அது முதிரவில்லை. பெண்ணுக்கு அது உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை. வீடு சரியாக இருந்தால்தான் நாடு சரியாக இருக்கும் என்பதால் இது அவருக்கு அரசியல். பின்னால் வந்தவர்கள் இதைக் 'குடும்ப நிர்வாகம்' என்ற துறையாகவே வளர்த்தார்கள். எஜமானான ஆணுக்குச் சொல்லப்பட்ட பாடம் அது.

இந்த உறவை அறிஞர்கள் படிப்படியாகத்தான் பிரித்துக் காட்டினார்கள். ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் டிபெலியூஸ், இந்தப் பட்டியல் கிறித்தவத்துக்கு வெளியே, ஸ்தோயிக் தத்துவவாதிகளின் கடமைப் பட்டியல்களிலிருந்து வந்தது என்று 1913இல் வாதிட்டார். டேவிட் பால்ச் 1981இல் வெளியிட்ட நூலில் அதன் வேர் அரிஸ்டாட்டிலின் குடும்ப நிர்வாக மரபில் இருப்பதை விரிவாகக் காட்டினார். எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா 1983இல், கிறித்தவத் தொடக்கத்தைப் பெண்களின் வரலாறாக எழுதிய தன் புகழ்பெற்ற நூலில், இந்தக் கடன் பெண்களுக்கு என்ன செய்தது என்று கேட்டார்.

என்ன செய்தது என்று தெரிய, அதற்கு முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பவுலின் பெயரில் உள்ள நிருபங்களில் ஏழு மட்டுமே அவர் எழுதியவை என்று ஏறத்தாழ எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். எபேசியர் அந்த ஏழில் இல்லை. அது பவுலுக்குப் பின் வேறொருவர் எழுதியது என்பதே பெரும்பாலோர் முடிவு. கொலோசெயரைப் பற்றிக் கருத்து பிளவுபட்டிருக்கிறது. ஏழில் ஒன்றான கலாத்தியரில், கிறிஸ்துவுக்குள் யூதன் கிரேக்கன், அடிமை சுதந்திரன், ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை என்று வருகிறது. ஞானஸ்நானத்தின்போது சொல்லப்பட்ட, பவுலுக்கும் முந்தைய வாசகம் அது என்று பலர் கருதுகிறார்கள். கிரேக்க ஆண்கள் தாங்கள் விலங்காகவோ பெண்ணாகவோ அந்நியனாகவோ பிறக்காததற்கு நன்றி சொல்லும் ஒரு மரபு உண்டு. யூத ஆண்கள் பிற இனத்தானாகவும் பெண்ணாகவும் தங்களைப் படைக்காததற்கு நன்றி சொல்லும் காலை ஜெபமும் உண்டு. இரண்டும் நமக்குக் கிடைப்பது சற்றுப் பிந்தைய நூல்களில்தான். என்றாலும், அந்த நன்றிகளை நேருக்கு நேர் தலைகீழாக்கியதுபோல ஒலிக்கிறது ஞானஸ்நான வாசகம்.

அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. ரோமர் பதினாறாம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பெண்களைப் பாருங்கள். கெங்கிரேயா சபையின் ஊழியரான பெபேயாள். பவுல் தனக்கும் பிற ஊழியர்களுக்கும் பயன்படுத்தும் அதே கிரேக்கச் சொல்லைத்தான் அவளுக்கும் பயன்படுத்துகிறார். கணவன் ஆக்கில்லாவுக்கு முன்னால் பெயர் சொல்லப்படும் பிரிஸ்கில்லாள். அப்போஸ்தலருக்குள்ளே பெயர்பெற்ற யூனியா. நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் என்ற ஆயர், அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுந்தவளாக இந்தப் பெண் இருந்தாளே என்று வியந்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டில் பரவலாக வழங்கிய கிரேக்கப் பதிப்புகளோ, ஓர் எழுத்தழுத்தக் குறியை மாற்றி யூனியாவை 'யூனியாஸ்' என்ற ஆணாக்கின. அப்படியொரு ஆண்பெயர் பழைய உலகில் இருந்ததற்குச் சான்றே இல்லை என்று 1977இல் எடுத்துக்காட்டியவர் பெர்னடெட் புரூட்டன் என்ற பெண் அறிஞர்.

கி.பி. 112 அளவில் ரோம ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர்களைப் பற்றி உண்மையறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகச் சொல்கிறார். அவர்கள் சபையில் 'ஊழியர்' என்று அழைக்கப்பட்டவர்கள். பிளினி அவர்களின் பெயரை எழுதவில்லை. வெளியே அடிமை, உள்ளே ஊழியர் என்று இரண்டு வாழ்க்கை ஒரே உடம்பில் இருந்திருக்கிறது.

பவுலைப் பெண்ணியவாதி ஆக்கிவிட வேண்டாம். ஆண் பெண்ணுக்குத் தலை என்று எழுதியவரும் அவர்தான். ஆனால் கணவனின் உடல்மேல் மனைவிக்கும் அதிகாரம் உண்டு என்று எழுதியவரும் அவர்தான். தொடக்கச் சபையில் இரண்டு குரல்கள் இருந்தன என்பதே உண்மை.

பிறகு ஏன் அந்தப் பட்டியல் வந்தது? பால்ச் தரும் விளக்கம் பயம். ரோமர்களுக்குக் கிழக்கிலிருந்து வரும் மதங்கள்மேல் பழைய சந்தேகம்: அவை பெண்களைக் கெடுக்கும், அடிமைகளைத் துணியவைக்கும், வீட்டைக் குலைக்கும். பெண்கள் முன்னின்று நடத்திய பாக்கஸ் வழிபாட்டை கி.மு. 186இல் செனட் ஆணை போட்டு ஒடுக்கியது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் புளூட்டார்க், மணமக்களுக்கு எழுதிய அறிவுரையில், மனைவி கணவனின் தெய்வங்களை மட்டுமே அறிந்திருக்க வேண்டும், அந்நிய வழிபாடுகளுக்கு வீட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும் என்கிறார். நமக்கு இது புதிதல்ல. கணவனையே தெய்வமாகத் தொழும் மனைவியைப் புகழும் குறள் நம்மிடமும் இருக்கிறது. வள்ளுவர் புளூட்டார்க்கைப் படித்தார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆண் தலைமையில் நடக்கும் வீடு எங்கே இருந்தாலும் இந்த அறம் தானாகவே சுரக்கும்.

அப்படிப்பட்ட உலகில், கணவனை விட்டுத் தனியே ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு கலகக்காரிதான். கி.பி. 178 அளவில் செல்சுஸ் என்ற எழுத்தாளர், பெண்களையும் அடிமைகளையும் சிறுவர்களையும் மட்டுமே பிடிக்கும் மதம் இது, தகப்பன் சொல்லைக் கேட்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மதம் இது என்று ஏளனம் செய்தார். இந்தக் குற்றச்சாட்டு எழுத்தில் வருவதற்கு வெகுமுன்பே வாயில் இருந்திருக்கும். அதற்குப் பதில்தான் பட்டியல்: எங்கள் பெண்களும் அடங்கித்தான் இருக்கிறார்கள், எங்கள் அடிமைகளும் சொன்னதைத்தான் கேட்கிறார்கள். தாக்குப்பிடிக்க நினைத்த ஒரு சிறுபான்மை, ஆள்பவர்களின் ஒழுங்கைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தது. சபை உயிர்பிழைக்கக் கொடுத்த விலை அது. கொடுத்தவர்கள் பெண்களும் அடிமைகளும்.

கடன் வாங்கியதை அப்படியே வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரிஸ்டாட்டில் எஜமானிடம் பேசுகிறார். நிருபங்கள் மனைவியையும் பிள்ளையையும் அடிமையையும் நேராக விளித்துப் பேசுகின்றன. சொல்லைக் கேட்டு முடிவெடுக்கக்கூடியவர்களாக அவர்களை மதிக்கின்றன. கணவன் மனைவியிடம் அன்பு செலுத்த வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஆனால் எபேசியர் இன்னொன்றையும் சேர்த்தது. கணவன் மனைவிக்குத் தலையாக இருப்பது கிறிஸ்து சபைக்குத் தலையாக இருப்பதைப் போல என்றது. அரிஸ்டாட்டிலிடம் அது இயற்கை பற்றிய ஒரு வாதம்; வாதத்தை எதிர்வாதத்தால் மறுக்கலாம். எபேசியரில் அது மறைபொருள் ஆகிவிட்டது. கணவனை எதிர்ப்பவள் இனி கிறிஸ்துவை எதிர்ப்பவள். இந்தப் பட்டியலில் கிறித்தவத்தின் சொந்தச் சரக்கு எது என்று கேட்டால், பெண்களைப் பொறுத்தவரை கனமானது இந்த முத்திரைதான்.

அக்காலத்தில் வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே முதல் நூற்றாண்டில் ரோமில் முசோனியுஸ் ரூஃபுஸ் என்ற ஸ்தோயிக் ஆசிரியர் இருந்தார். நீரோவால் நாடு கடத்தப்பட்டவர். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே அறிவு, ஒரே அறம், ஆகவே பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்றார். அடிமைப் பெண்ணோடு படுக்கும் எஜமானிடம், உன் மனைவி அடிமை ஆணோடு படுத்தால் பொறுத்துக்கொள்வாயா என்று கேட்டார். இரவல் வாங்க அவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

இங்கே பெண்ணியவாதிகள் விழுந்த ஒரு குழியையும் சொல்லியாக வேண்டும். இயேசுவின் சமத்துவம் முழுக்கப் புதியது, அவர் பெண்களை யூத ஆணாதிக்கத்திலிருந்து மீட்டார் என்று 1970களில் சில கிறித்தவப் பெண்ணியர்கள் எழுதினார்கள். யூதப் பெண்ணியரான ஜூடித் பிளாஸ்கோ அதைக் கண்டித்தார்: உங்கள் கடவுளின் பெருமைக்காக எங்கள் மரபை இருட்டாக்குகிறீர்கள். 1982இல் புரூட்டன், பழைய உலகின் யூத ஜெபாலயங்களில் பெண்கள் பதவிப் பெயர்களோடு குறிக்கப்பட்ட 19 கல்வெட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டார். ஸ்மிர்னா நகரத்து ரூஃபினா அவர்களில் ஒருத்தி: யூதப் பெண், ஜெபாலயத் தலைவி. தன் வீட்டில் வளர்ந்த அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும் கல்லறை கட்டியதைச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. தலைவியாக இருந்தவள் அடிமைகளை வைத்திருந்தவளும்கூட. இயேசுவோடு நடந்த மகதலேனா மரியாளும் மற்றவர்களும் யூதப் பெண்களே. சொந்தம் என்று பெருமை பேசுவதற்கு எப்போதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சிறுமைப்படுத்த வேண்டியிருக்கிறது.

பட்டியலின் மூன்று ஜோடிகளில் ஒன்று இன்று சபைகளில் பிரசங்கிக்கப்படுவதில்லை. அடிமைகள் பற்றிய வசனம் அது. தானாக உதிரவில்லை, உதிர்க்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949இல் எழுதிய நூலில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். நான்சி ஆம்புரோஸ் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் வேதாகமம் வாசித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது கொரிந்தியரில் அன்பைப் பற்றிய அதிகாரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. வளர்ந்தபின் காரணம் கேட்டார் தர்மன். அடிமைக் காலத்தில் எஜமானின் போதகர் வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை எடுத்தே பிரசங்கிப்பாராம். விடுதலை கிடைத்தால், படிக்கவும் கற்றுக்கொண்டால், அந்தப் பகுதியை மட்டும் படிப்பதில்லை என்று அன்றே பாட்டி நேர்ந்துகொண்டாராம். அரிஸ்டாட்டிலை அவருக்குத் தெரியாது. எது கடவுளின் குரல், எது எஜமானின் குரல் என்று பிரிக்க அவருக்கு அறிஞர் யாரும் தேவைப்படவில்லை.

ஒரே பட்டியல், ஒரே மூலம், ஒரே வாதம். அடிமையின் கீழ்ப்படிதல் அக்காலத்து வழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. மனைவியின் கீழ்ப்படிதல் மட்டும் என்றைக்குமான கட்டளையாக நின்றது. பேதுருவின் முதல் நிருபத்தில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். முரட்டு எஜமானிடமும் அடிமை பொறுமையாகப் பாடுபட வேண்டும் என்று சொல்லி முடித்து, 'அவ்வாறே' என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டு, மனைவிகளிடம் திரும்புகிறது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொள்ள எந்த இலக்கணமும் இடம் தராது.

1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. அதோடு அந்தப் பட்டியலும் தமிழுக்கு வந்தது. நம் வீடுகளில் அதற்கு ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது. ஞானஸ்நான வாசகமும் அதே புத்தகத்தில்தான் வந்தது. நான் போன எந்தத் திருமணத்திலும் அதை வாசித்துக் கேட்டதில்லை.

சித்தி இப்போது இல்லை. அவளுடைய வேதாகமம் என்னிடம் இருக்கிறது. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறாள். மனைவிக்கான வசனத்தில் இல்லை. அதற்கு நேர் முந்தியது: ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் வசனம். அன்று மாலை குருவானவர் வாசிப்பை அதற்கு அடுத்த வரியிலிருந்துதான் தொடங்கினார்.